ஃபீல்ட் வொர்க்ல நம்ம அரசியல் கருத்து குறுக்க வந்தா என்ன பண்றது?

ரெண்டாம் வருஷம் எம்எஸ்டபிள்யூ:
நான் எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப்பணி முதுகலை படிக்கறேன். மனசு உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் கேக்குறேன். அரசு சும்மா பணம் குடுக்கறது எனக்குப் பிடிக்காது, வீட்ல சின்ன வயசுலேந்து கேட்டு வளந்த பேச்சு, இப்பவும் அதே கருத்துதான். போன வாரம் ஹோம் விசிட்ல ஒரு அக்கா, சித்தாள் வேலைக்குப் போறவங்க, மகளிர் உரிமைத்தொகை ரிஜெக்ட் ஆயிடுச்சுன்னு போனை நீட்டுனாங்க. காரணம் கரண்ட் வருஷத்துக்கு 3600 யூனிட்டைத் தாண்டிருச்சாம். வாசல்ல பாத்தா மூணு குடித்தனத்துக்கும் ஒரே மீட்டர். 30 நாளுக்குள்ள இ-சேவைல மேல்முறையீடு பண்ணலாம்னு எனக்குத் தெரியும், ஆனா சொல்லல. "பாப்போம்க்கா"ன்னுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். ரிப்போர்ட்ல "உரிய ஆலோசனை வழங்கப்பட்டது"ன்னு வேற எழுதிட்டேன். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?

வேலூர் அக்கா:
தம்பி, இது எனக்கும் நடந்திருக்கு. டாஸ்மாக்க மூடணும்னு ரோட்ல உக்காந்தவ நான். டீ-அடிக்‌ஷன் சென்டர்ல வேலை பாத்தப்ப ஒருத்தர் மறுபடி குடிக்க ஆரம்பிச்சு மூணு மாசமா என்கிட்ட மறைச்சுட்டாரு, கேட்டா "நீங்க கோவப்படுவீங்க மேடம்"ங்கறாரு. நான் அவரை ஒரு வார்த்தை திட்டுனதில்ல, கடையத்தான் திட்டுவேன், ஆனா அவர் காதுல அது அவரைத் திட்டுன மாதிரிதான விழுந்திருக்கும். நீங்க வாயை மூடுனீங்க, நான் ரொம்பப் பேசிட்டேன், ரெண்டுலயும் அடி வாங்குனது எதிர்ல இருந்தவங்கதான்.

கரும்பலகை:
நான் இந்தப் பாடம் நடத்துறவன். உங்க கருத்தை மாத்துங்கன்னு சொல்ல மாட்டேன், அந்த ரிப்போர்ட்டை மாத்துங்க. உதவி தேடி வர்றவங்களை எப்படி நடத்தணும்னு பீஸ்டெக் சொன்ன ஏழு கோட்பாட்டையும் வைவாவுல எல்லாரும் ஒப்பிச்சுடுறாங்க, ஆனா கிளாஸ்ல ஒரு பையன் இட ஒதுக்கீட்டுக்கு எதிரா பேசுனா நாங்களே முகம் சுளிக்கிறோம், அதோட அவன் வாத்தியாருக்குப் பிடிச்சதை எழுதி மார்க் வாங்கக் கத்துக்குறான், உள்ள இருக்கறது அப்படியே ஃபீல்டுக்குப் போயிடுது. ஐசில, அதான் தனியா உக்காந்து பேசுற இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்ல, உங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்க வேண்டியதை இங்க வந்து கேக்குறீங்கன்னா, அதுல எங்க தப்பும் இருக்கு.

தெற்குத்தெரு:
அதுக்காக நடுநிலைன்னு ஒதுங்கிடாதீங்க. சமூகநீதியும் மனித உரிமையும் இந்தத் தொழிலோட மையம்னு 2014ல வந்த சமூகப்பணிக்கான சர்வதேச வரையறையே சொல்லுது. ஒரே மீட்டர்ல குடித்தனம் இருக்கறவங்களை 3600 யூனிட் விதி எப்படி வெளிய தள்ளுதுன்னு எழுதி மேல குடுங்க. திட்டமே பிடிக்கலன்னாலும் அதை எழுதலாம்ல.

ரெண்டாம் வருஷம் எம்எஸ்டபிள்யூ:
நன்றி எல்லாருக்கும். அந்த அக்காவுக்கு போன் பண்ணேன், மெசேஜ் வந்து இன்னைக்கு 19 நாள்தான் ஆகுதாம். எனக்கு மேல்முறையீடு பத்தி முன்னாடியே தெரியும், சொல்லாம விட்டுட்டேன்னு சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "ஆதார் மட்டும் போதுமா, ரேஷன் கார்டும் வேணுமா"ன்னு கேட்டாங்க. திங்கக்கெழம காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அவங்களோட இ-சேவைக்குப் போறேன். ரிப்போர்ட்ட இன்னைக்கு ராத்திரியே திருத்தி எழுதிடுறேன்.