அதே பெயர், இரண்டு மடங்கு மருந்து: குழந்தைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த அனுபவங்கள்

தாழம்பூ:

ஒன்றே முக்கால் வயது மகளுக்குக் காதில் தொற்று. 10 கிலோ எடை. டாக்டர் அமாக்ஸிசிலின் சிரப் எழுதிக்கொடுத்தார்: வேளைக்கு 5 மில்லி, நாளைக்கு 3 வேளை, 7 நாள். 60 மில்லி புட்டி நான்கு நாளில் தீர்ந்தது. மாமனார் போய் அடுத்த புட்டியை வாங்கி வந்தார். அதே பெயர், அதே நிற அட்டை. நானும் அதே 5 மில்லியைக் கொடுத்தேன்.

மறுநாள் இரவு மூடியைத் திருகும்போதுதான் பொடி எழுத்து கண்ணில் பட்டது: '5 மில்லியில் 250 மில்லிகிராம்'. குப்பைக் கூடையைக் கிளறிப் பழைய புட்டியை எடுத்துப் பார்த்தேன். அதில் 125. அதற்குள் நான்கு வேளை இரண்டு மடங்கு மருந்து போயிருந்தது. கடைக்காரர், 'இதில் பாதிதான் கொடுக்க வேண்டும்' என்று மாமனாரிடம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அந்த ஒரு சொல் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

அந்த நேரத்திலும் டாக்டர் தொலைபேசியை எடுத்தார். வயிற்றுப்போக்கு இருக்கிறதா, சிறுநீர் வழக்கம்போல் போகிறாளா, சுறுசுறுப்பாக இருக்கிறாளா என்று கேட்டார். நிறைய நீராகாரம் கொடுங்கள், அடுத்த வேளையிலிருந்து இரண்டரை மில்லி போதும் என்றார். இரண்டு நாள் வயிறு போனதோடு தப்பித்தோம். "இந்த மருந்து கொஞ்சம் தாங்கும் அம்மா, எல்லா மருந்தும் இப்படித் தாங்காது" என்று அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

மில்லி என்பது திரவத்தின் அளவு, மில்லிகிராம்தான் மருந்தின் அளவு. அதுவரை இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள். என்னைப்போல் நள்ளிரவில் குப்பைக் கூடையைக் கிளறும் நிலை வேறு யாருக்கும் வர வேண்டாம்.

நீலக்குயில்:

மருந்தாளுநராக இருக்கிறேன். வலிமை மாறும் புட்டியைக் கொடுக்கும்போது, புதிய அளவை அட்டையிலேயே பெரிதாக எழுதிக் கொடுப்பது என் வழக்கம். வாய்ச்சொல் வழியிலேயே தொலைந்துவிடும் என்பதற்கு மேலே சொன்னதே சாட்சி.

நான் பார்த்த இன்னொன்றைச் சொல்கிறேன். ஒரு தாய் ஐந்தாம் நாள் புட்டியோடு வந்தார். "மருந்து கெட்டுப்போய்விட்டது, முதலில் தண்ணீராக இருந்தது, இப்போது கூழாக இருக்கிறது" என்றார். வாங்கிப் பார்த்தேன். அடியில் இரண்டு விரல்கடை அளவுக்கு வெள்ளை வண்டல். ஒரு வேளைகூடக் குலுக்கவில்லை. முதல் நாட்களில் குழந்தைக்கு மருந்து போதவில்லை, கடைசியில் மிதமிஞ்சிப் போயிருக்கிறது. மருந்துச்சீட்டில் 'நன்றாகக் குலுக்கவும்' என்று இருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பொடியாக வரும் சிரப்பில் நீர் கலக்குவதிலும் இதே கதைதான். முதலில் புட்டியைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொள்ள வேண்டும். கொதிக்கவைத்து ஆறவைத்த நீரைப் புட்டியில் உள்ள கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியபின் மட்டம் இறங்கும். அப்போது கோடு வரை நிரப்ப வேண்டும். ஒரே மூச்சில் கோடு வரை ஊற்றிவிட்டு அப்படியே விடுகிறவர்கள்தான் அதிகம். மட்டம் குறைந்த புட்டியில் மருந்து அடர்த்தியாகிவிடும்.

கலக்கிய நாளைப் புட்டியிலேயே எழுதிவையுங்கள். கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த அமாக்ஸிசிலின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும், கலக்கியபின் 7 நாள்தான் தாங்கும். கிளாரித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் நேர்மாறு: குளிரில் வைத்தால் கெட்டியாகும், கசப்பும் கூடும். ஆகவே 'சிரப் என்றால் குளிரில் வை' என்ற பொது விதி உதவாது.

இரு பிள்ளைகளின் தந்தை:

மூத்தவனுக்குத் தொண்டைவலி. தொண்டையில் பஞ்சு தொட்டுப் பரிசோதித்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாக் கிருமி என்று உறுதிசெய்து, 10 நாளைக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே பந்து விளையாட ஓடிவிட்டான். நல்லாகிவிட்ட பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று நிறுத்திவிட்டோம். இரண்டு வாரத்தில் அதே காய்ச்சல், அதே வலி.

டாக்டர் திட்டவில்லை. ஒரு தாளில் இதயத்தை வரைந்து, வால்வு இருக்கும் இடத்தைக் காட்டினார். இந்தக் கிருமி தொண்டையில் மிச்சமிருந்தால், சில வாரம் கழித்து உடலே தன் இதயத்தைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். 10 நாள் கணக்கு அதைத் தடுப்பதற்காகத்தான் என்றார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். இரண்டாம் முறை ஒவ்வொரு வேளையும் மருந்து குடித்தவுடன் மகனே நாட்காட்டியில் வட்டம் போட்டான். 10 நாளும் ஒரு வேளைகூட விடவில்லை.

வெண்புறா:

குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மேலே தந்தை எழுதியது முழுக்கச் சரி. ஆனால், 'நீளமாகக் கொடுத்தால்தான் நல்லது' என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவமனையில் சேர்க்கத் தேவையில்லாத சாதாரண நிமோனியாவில், தேறி வரும் குழந்தைக்கு 5 நாள் மருந்தே 10 நாள் அளவுக்குப் பயன் தருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோய்க்கு நோய் கணக்கு வேறு. டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள். நாமாகக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

இன்னொன்று: 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்கவில்லை என்றால், மருந்து முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். திரும்பவும் காட்டுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றாலே வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.

மூன்று பேரன்களின் பாட்டி:

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தவறு என்னுடையது.

கடைக்குட்டிக்கு ஒன்பது மாதம். சளியும் இல்லை, இருமலும் இல்லை, காய்ச்சல் மட்டும். அவன் அண்ணனுக்கு வாங்கியதில் கால் புட்டி மிச்சம் இருந்தது. வேலைக்குப் போயிருந்த மருமகளைக் கேட்காமல், குழந்தைதானே என்று பாதி அளவாக இரண்டு நாள் கொடுத்தேன். காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது, பிறகு ஏறியது. மருத்துவமனையில் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம் என்று சிறுநீரைக் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார்கள். எதுவும் வளரவில்லை. "ஏற்கெனவே ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?" என்று டாக்டர் கேட்டபோது மருமகள் 'இல்லை' என்றாள். நான்தான் உண்மையைச் சொன்னேன்.

நான் கொடுத்த அரைகுறை மருந்து நோயைத் தீர்க்கவில்லை. ஆனால் சோதனையில் கிருமி தெரியாமல் மறைக்க அது போதுமாக இருந்தது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறியும் வழி அடைபட்டது. ஊகத்தில்தான் சிகிச்சை கொடுத்தார்கள். பிள்ளை தேறிவிட்டான். நான் ஒத்துக்கொண்டிராவிட்டால் சிறுநீரில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருப்பார்களோ என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை. பெரியவர்களே, மறைக்காதீர்கள்.

தாழம்பூ:

அத்தை, அந்த இடத்தில் உண்மையைச் சொன்னீர்களே, அதுதான் அவனைக் காப்பாற்றியது. எங்கள் வீட்டிலும் மிச்சப் புட்டி ஒன்று இருந்தது. இன்று மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

செம்பருத்தி:

மகளுக்கு இரண்டு வயதில் அமாக்ஸிசிலின் கொடுத்த ஆறாம் நாள் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள். அமாக்ஸிசிலினும் பெனிசிலின் வகைதான் என்பதால் 'பெனிசிலின் ஒவ்வாமை' என்று எழுதிவிட்டார்கள். ஐந்து வருடம் எந்தத் தொற்று வந்தாலும் வேறு மருந்துதான். ஏழு வயதில் ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டினோம். அவர் கண்ணெதிரே சிறிதளவு கொடுத்து, காத்திருந்து, பிறகு முழு அளவு கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. அன்று வந்தது வைரஸ் தடிப்பாக இருந்திருக்கலாம் என்றார். பெனிசிலின் ஒவ்வாமை என்று பெயர் வாங்கிய 10 பேரில் 9 பேர்வரை, சோதித்தால் அந்த மருந்தைத் தாங்குகிறார்களாம். இதை வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். மருந்து குடித்தவுடன் அரிப்போடு தடிப்பு எழும்பினாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ அது அவசரநிலை.

புதிய அம்மா:

ஒரு கேள்வி. என் மகன் குடித்த பத்தாவது நிமிடத்தில் வாந்தி எடுத்துவிட்டான். திரும்பக் கொடுக்கலாமா?

வெண்புறா:

அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், பெரும்பாலான மருந்துகளில் அதே வேளையை ஒருமுறை திரும்பக் கொடுக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு என்றால் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் எடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்காதீர்கள். கரண்டியை விட்டுவிட்டு ஊசியில்லாத சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, நுனியைக் கன்னத்தின் உட்புறம் வைத்துச் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும், வாந்தியும் வரும்.

புதிய அம்மா:

கன்னத்துப் பக்கமாகக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தான், விழுங்கிவிட்டான். ஒரு மணி நேரம் ஆகிறது, வாந்தி இல்லை. தூங்குகிறான்.

தாழம்பூ:

மகளை இன்று எடை போட்டோம், 12 கிலோ 400 கிராம். அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் பழைய எடையை அடித்துவிட்டுப் புதியதை எழுதினேன். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, பக்கத்தில் தேதியையும் எழுதச் சொன்னார்.