பையனுக்கு பெல்ட் கழுத்தில் உரசுகிறது, கிளிப் வாங்கலாமா? (அவசரம்)

வேலூர்_அப்பா:
பையனுக்கு 6 வயது. பின்சீட்டில் பெல்ட் போட்டுத்தான் உட்கார வைக்கிறோம், ஆனால் கழுத்தில் உரசுகிறது என்று தோள் பெல்ட்டை அக்குளுக்குக் கீழே விட்டுக்கொள்கிறான். நேற்று விக்கிரவாண்டி தாண்டி லாரி சட்டென்று நிற்க, பிரேக் அடித்தும் பின்னால் போய் இடித்துவிட்டோம். பம்பர் மட்டும்தான் போனது. பெல்ட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கிற கிளிப் ஆன்லைனில் இருக்கிறது. நாளை மறுபடி கிளம்பணும், சீக்கிரம் சொல்லுங்கள்.

மழைக்காலம்:
எந்தக் கார்? பையன் உயரம், எடை என்ன?

கோவை_டிரைவர்:
கிளிப் வேண்டாம் அண்ணா, தலையணை மடித்துப் போட்டு உயர்த்தி உட்கார வையுங்கள். என் மகளுக்கு 2 வருடமாக அப்படித்தான்.

பழைய_உறுப்பினர்:
இதை எத்தனை தடவை எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்லை. தலையணை அமுங்கும், வழுக்கும், பிள்ளை பெல்ட்டுக்கு அடியில் சறுக்கிப் போவான். கிளிப் தோள் பெல்ட்டை இறக்கும்போது இடுப்புப் பட்டையை வயிற்றுக்கு ஏற்றிவிடும். கார் பெல்ட் பெரியவர் உடம்புக்கு அளவெடுத்தது. சுமார் 145 செ.மீ. உயரம் வரை பூஸ்டர் சீட், அதாவது பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கிற கெட்டியான இருக்கை, வேண்டும். பட்டை தொடையை ஒட்டி இடுப்பெலும்பில் படியணும், தோள் பெல்ட் தோளின் நடுவில் போகணும். அவ்வளவுதான் விஷயம்.

செவிலி_மதுரை:
அதெல்லாம் அப்புறம். சார், இடித்தபோது பெல்ட் அக்குளுக்குக் கீழே இருந்ததா? வயிற்றில் தடம் இருக்கிறதா? சாப்பிட்டானா?

வேலூர்_அப்பா:
112 செ.மீ., 19 கிலோ. ஆமாம், அக்குளுக்குக் கீழேதான் இருந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. வயிறு வலிக்கிறது என்கிறான், காலையில் இட்லி தொடவில்லை, ஒரு தடவை வாந்தி. பயணக் களைப்பு என்று நினைத்தோம். பெல்ட் தடம்தானே?

செவிலி_மதுரை:
இப்போதே கிளம்புங்கள். குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் வசதியுள்ள மருத்துவமனையாகப் பாருங்கள், போகிற வழியில் சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். இந்த வயதில் பட்டையைத் தாங்குகிற இடுப்பெலும்பு முழுதாக வளர்ந்திருக்காது, பட்டை மேலே ஏறி வயிற்றை முதுகெலும்போடு சேர்த்து நசுக்கும். குடல் கிழிந்தால் முதல் நாள் பெரிதாகத் தெரியாமல் போகலாம், மறுநாள்தான் வலி, வாந்தி, காய்ச்சல் என்று வரலாம். இடுப்பு முதுகெலும்பும் முறிந்திருக்கலாம், நடக்க விடாமல் தூக்கிப் போங்கள். பெல்ட் தடம் என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.

நெல்லை_ராஜா:
அப்போ பெல்ட்தானே காயப்படுத்தியது! நாங்கள் எல்லாம் அம்மா மடியில் உட்கார்ந்து வளர்ந்தோம்.

மழைக்காலம்:
கணக்குப் போட்டுப் பாருங்கள் அண்ணா. 40 கி.மீ. வேகத்தில் போகிற கார் அரை மீட்டரில் நின்றால் 20 கிலோ பிள்ளை ஏறக்குறைய 250 கிலோ மாதிரி முன்னால் இழுப்பான். எந்த அம்மா கை பிடிக்கும்? மடியில் இருந்திருந்தால் இதைவிட மோசமாகியிருக்கும்.

பழைய_உறுப்பினர்:
14 வயதுக்குக் கீழே பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1000 ரூபாய் அபராதம். 2019 திருத்தம். படித்துவிட்டுப் பேசுங்கள்.

நெல்லை_ராஜா:
பைக்கில் 4 பேர் போகிற ஊரில் காருக்குச் சட்டம் பேசுகிறீர்கள். பூஸ்டர் விலை தெரியுமா? எல்லோராலும் முடியுமா?

கோவை_டிரைவர்:
விலை உண்மைதான், ஆனால் என் கார் சவுண்ட் சிஸ்டத்துக்கு அதைவிட அதிகம் கொடுத்தேன். தலையணையை இன்றே எடுத்துவிட்டேன்.

செவிலி_மதுரை:
சண்டையை விடுங்கள். வேலூர் சார், போய்ச் சேர்ந்தீர்களா?

செவிலி_மதுரை:
சார்?

வேலூர்_அப்பா (3 நாள் கழித்து):
ஸ்கேன் எடுத்தார்கள். சிறுகுடலில் ஓட்டை, அன்றிரவே ஆபரேஷன். முதுகெலும்புக்கு ஒன்றுமில்லை. இன்று காலை தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தான். மதுரை மேடம், ரொம்ப நன்றி. பூஸ்டர் பற்றி வீட்டுக்கு வந்ததும் கேட்கிறேன்.