ஊருக்கு வந்த நேரத்தில் லெஸ்டர் வீட்டுக்கு பார்க்கிங் கேஸ் – என்ன செய்ய?

கீழக்கரையான்
22 ஜூன் 2025

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டரில் பிரெட் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் தங்கச்சி நிக்காஹ்வுக்கும் சேர்த்து லீவு போட்டு கீழக்கரை வந்திருக்கிறேன். திரும்பும் டிக்கெட் ஜூலை 16.

நேற்று ராத்திரி அங்கே கூடத் தங்கியிருக்கும் பரமக்குடி நண்பர் வாட்ஸாப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். கிளெய்ம் ஃபார்ம், அதாவது காசு கேட்டுக் கேஸ் போட்டதற்கான கோர்ட் படிவம். நார்தாம்ப்டன் கோர்ட் முத்திரை, வெளியிட்ட தேதி ஜூன் 9. ஒரு தனியார் பார்க்கிங் கம்பெனி என் மேல் கேஸ் போட்டிருக்கிறது. பார்க்கிங் சார்ஜ் 100 பவுண்டு, அதற்கு மேல் "வசூல் செலவு" 70, வட்டி, கோர்ட் ஃபீஸ் 35, வக்கீல் செலவு 50. எல்லாம் சேர்த்து 270-ஐத் தாண்டுகிறது. நம் காசுக்கு 30,000 ரூபாய்க்கு மேல்.

நடந்தது இதுதான். 2024 மார்ச் 16, சனிக்கிழமை, ரமலான் முதல் வாரம். காலையில் ஒரு கடைத்தெரு பார்க்கிங்கில் வண்டியை விட்டு அரிசியும் பேரீச்சம்பழமும் வாங்கினேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அப்புறம் டயர் மாற்றப் போனேன், வீட்டுக்கு வந்து தூங்கினேன். நோன்பு திறப்பதற்கு முன்னால் கறிவேப்பிலை மறந்துவிட்டது என்று திரும்பவும் அதே இடத்துக்குப் போனேன். அவர்கள் கேமராக் கணக்கில் 10:42-க்கு உள்ளே, 17:48-க்கு வெளியே. 7 மணி 6 நிமிடம் நின்றேனாம். இலவச நேரம் 3 மணி. நோன்பு வைத்துக்கொண்டு ஏழு மணி நேரம் ஒருத்தன் கடை வாசலில் என்ன செய்வான்?

அப்போதே கடிதங்கள் வந்தன. "அது கவர்ன்மென்ட் ஃபைன் இல்லை, கிழித்துப் போடு" என்றார்கள். கிழிக்கவில்லை, டிராயரில் போட்டு வைத்தேன். இப்போது உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கட்டித் தொலைத்துவிடவா? இங்கிருந்து எதிர்வாதம் போட முடியுமா? விசாவுக்கு ஏதாவது ஆகுமா?

பனைக்குளம்
22 ஜூன் 2025

கிழித்துப் போடுங்கள் பாய். 2010-ல் எனக்கும் வந்தது. ஒன்றும் ஆகவில்லை.

வாலிநோக்கம்_உப்பு
22 ஜூன் 2025

தம்பி, மேலே சொன்னதைக் கேட்டுவிடாதே. அது 2012-க்கு முந்தின காலத்துப் பேச்சு. அன்றைக்கு யார் ஓட்டினார் என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும், முடியாவிட்டால் அத்தோடு சரி. அந்த ஆண்டு வந்த ப்ரொடெக்‌ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் சட்டத்தின் நான்காவது அட்டவணைப்படி, நோட்டீஸை விதிப்படி அனுப்பியிருந்தால் ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டாலும் வண்டியை வைத்திருப்பவரிடமே காசு கேட்கலாம். 2015-ல் சுப்ரீம் கோர்ட் பீவிஸ் வழக்கில் 85 பவுண்டு சார்ஜ் செல்லும் என்றே சொல்லிவிட்டது. செம்ஸ்ஃபோர்டு கடைத்தெருவில் இரண்டு மணி நேர இலவசத்தைத் தாண்டி 56 நிமிடம் நின்ற கேஸ் அது. அந்த மனுஷன் மீன் வறுத்து விற்கும் கடைக்காரர், நம்மாள் மாதிரிதான், கடைசி வரை போய்ப் பார்த்தார். வசூல் ஏஜென்சி சிவப்பு எழுத்தில் மிரட்டும் கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாம். கிளெய்ம் ஃபார்மை விடக்கூடாது. பதில் போடாவிட்டால் உன்னைக் கேட்காமலே தீர்ப்பாகும். அதுதான் சி.சி.ஜே., கவுண்டி கோர்ட் தீர்ப்பு. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆறு வருஷம் கிரெடிட் பதிவில் நிற்கும். வீட்டு லோன், வாடகை வீடு எல்லாவற்றிலும் இடிக்கும். மற்றபடி இது கிரிமினல் கேஸ் இல்லை, போலீஸ் வராது, பயப்படாதே.

இப்போது நாள் கணக்கு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்று எப்படி விரல் விட்டு எண்ணுவோமோ, அப்படி எண்ணு. ஜூன் 9 வெளியீடு. ஐந்து நாள் கழித்து ஜூன் 14-ல் உனக்குக் கிடைத்ததாகக் கணக்கு. கவரை என்றைக்குப் பிரித்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதிலிருந்து 14 நாளுக்குள் அக்னாலெட்ஜ்மென்ட், அதாவது கேஸ் கிடைத்தது என்ற பதில், போட வேண்டும். போட்டால் எதிர்வாதத்துக்கு ஜூன் 14-லிருந்து 28 நாள் கிடைக்கும். அது ஜூலை 12, சனிக்கிழமை, கோர்ட் ஆபீஸ் லீவு. ஆகவே கடைசிக் கெடு திங்கள் ஜூலை 14, அங்கே மாலை 4 மணி, நம் ஊரில் இரவு எட்டரை. உன் விமானம் 16. அதனால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கதையே இல்லை, கீழக்கரையில் உட்கார்ந்தேதான் முடிக்க வேண்டும். முடியும். கிளெய்ம் ஃபார்மிலேயே கேஸ் நம்பரும் பாஸ்வேர்டும் இருக்கும், மனி கிளெய்ம் ஆன்லைன் என்ற கோர்ட் தளத்தில் அதை வைத்து உள்ளே போகலாம். பாஸ்வேர்டு தெரிகிற போட்டோவைக் குரூப்பில் போட்டுவிடாதே, நண்பர் உனக்கு மட்டும் அனுப்பட்டும்.

அக்னாலெட்ஜ்மென்ட் போடும்போது முழுத் தொகையையும் எதிர்க்கிறேன் என்பதை மட்டும் டிக் செய். எதிர்வாதப் பெட்டியில் ஒரு எழுத்துகூட அடிக்காதே. அவசரப்பட்டு இரண்டு வரி அடித்து அனுப்பினால் அதுவே உன் எதிர்வாதமாகப் போய்விடும்.

இன்னொன்று. இணையத்தில் முப்பது பாரா எதிர்வாதம் ரெடிமேடாகக் கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டாதே. கீழே "இதில் உள்ளது உண்மை" என்று நீ கையெழுத்துப் போடுகிறாய். நீதான் ஓட்டினாய், அதை நீயே இங்கே எழுதிவிட்டாய். ஆகவே ஓட்டியது யார் என்ற ஆட்டம் உனக்கு வேண்டாம், தேவையும் இல்லை. நீ இரண்டு தடவை போனாய், கேமரா நடுவில் இருந்த ஒரு வெளியேறலையும் ஒரு நுழைவையும் தவறவிட்டது. அவ்வளவுதான் உன் கேஸ். அதைச் சுற்றி மட்டும் எழுது. கடைசியில் அந்த 70 பவுண்டைப் பற்றி ஒரு பாரா. கடிதம் அனுப்பும் செலவெல்லாம் 100-லேயே அடக்கம், திரும்ப எதற்கு என்று கேள்.

தொண்டி_லாத்தா
23 ஜூன் 2025

உப்புக்காரர் சொன்ன தேதிக் கணக்கு சரி. நான் போன வருஷம் இதே மாதிரி ஒன்றைக் கோர்ட் வரை கொண்டுபோனேன், அதனால் மிச்சத்தைச் சொல்கிறேன்.

டயர் மாற்றினேன் என்கிறீர்களே, அந்த ரசீது எங்கே? டயர் கடை ரசீதில் வண்டி நம்பரும் நேரமும் இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஒரே வண்டி ஒரே நேரத்தில் பார்க்கிங்கிலும் டயர் கடை ஜாக்கியிலும் நிற்காது. நண்பரைக் காரின் டேஷ்போர்டைக் குடையச் சொல்லுங்கள். அந்தத் தாள் வெளுத்துப் போகும் ரகம், கிடைத்ததும் போட்டோ எடுத்துவிடட்டும். போன் லொகேஷன் பதிவு, பேங்க் கணக்கில் இரண்டு தடவை கார்டு தேய்த்தது, எதையும் விடாதீர்கள்.

அந்தக் கம்பெனியின் டேட்டா அதிகாரிக்கு இன்றே ஒரு மெயில் போடுங்கள். என் வண்டி நம்பருக்கு அன்றைக்கு எடுத்த எல்லாக் கேமராப் படங்களும், அனுப்பிய எல்லாக் கடிதங்களும் வேண்டும் என்று. காசு கிடையாது, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். நடுவில் எடுத்த படம் ஒன்று அவர்களிடமே கிடக்கும் சில நேரம்.

எதிர்வாதம் போட்ட பிறகு ஒரு கேள்விப் படிவம் வரும். அப்புறம் போனில் சமரசம், ஒரு மணி நேரம், இலவசம். 2024 மே 22 முதல் வந்த சின்ன கேஸ்களுக்கெல்லாம் அது கட்டாயம், எடுக்காமல் இருக்காதீர்கள். "பாதி கட்டுங்கள், முடித்துவிடலாம்" என்பார்கள். முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நான் சொன்னேன், குரல் கொஞ்சம் நடுங்கியது.

விசாரணை அங்கே நீங்கள் குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டில்தான் வைப்பார்கள். இராமநாதபுரம் கோர்ட் வளாகத்தை நினைத்துக்கொண்டு போனேன், கறுப்பு அங்கி, வராண்டாவில் கூட்டம், பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் என்று. அங்கே பார்த்தால் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, தண்ணீர் ஜாடி. நீதிபதி சாதா கோட்டு. "ஜட்ஜ்" என்று கூப்பிட்டால் போதும். அவர்கள் பக்கம் வந்த வக்கீல் அன்று காலையில்தான் கட்டைப் பிரித்திருப்பார் போல, பார்க்கிங்கில் எந்த அறிவிப்புப் போர்டு எந்த மூலையில் இருந்தது என்று கேட்டதற்குப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தோற்றாலும் இந்த மாதிரிச் சின்ன கேஸில் எதிர்த் தரப்பின் வக்கீல் பில் முழுக்க உங்கள் தலையில் விழாது. கோக்குமாக்காக நடந்துகொண்டால் மட்டும் வேறு. தீர்ப்பு வந்த ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் பதிவிலும் நிற்காது.

கீழக்கரையான்
25 ஜூன் 2025

லாத்தா, உப்புக்காரர் காக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்னாலெட்ஜ்மென்ட் நேற்று போட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் சிக்னல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் வரும். கச்சான் காற்று வேறு, ஒரு கையில் போன், மறு கையில் கைலி. நடுவில் கரண்ட் போய் மறுபடி முதலிலிருந்து. ஒரு வழியாகக் கேஸ் நம்பருக்குக் கீழே தேதியோடு பதிவாகிவிட்டது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்.

ரசீது கிடைத்தது! டேஷ்போர்டில் இல்லை, டிரைவர் சீட்டுக்கு அடியில், ஒரு பேரீச்சம்பழக் கொட்டையோடு. பாதி வெளுத்திருக்கிறது. வண்டி நம்பரில் கடைசி எழுத்து மட்டும் தெரியவில்லை, நேரம் 13:37 நன்றாகத் தெரிகிறது. அது போதுமா?

வாலிநோக்கம்_உப்பு
25 ஜூன் 2025

போதும். ஆனாலும் டயர் கடைக்கு ஒரு மெயில் போட்டு அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பில்லைத் திரும்ப எடுத்துத் தரச் சொல், முழு நம்பரோடு வரும். அதை எதிர்வாதத்தோடு இணைக்க வேண்டாம், இப்போதைக்கு "நடுவில் வண்டி வேறு இடத்தில் இருந்தது, ஆதாரம் உண்டு" என்று ஒரு வரி எழுது. விசாரணைக்கு முன்னால் சாட்சி வாக்குமூலம் கேட்பார்கள், அப்போது வை. விசாரணைக் கட்டணம் கட்ட வேண்டியது அவர்கள். அந்தக் கட்டத்தில் கேஸை வாபஸ் வாங்கிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். உன் கேஸில் என்ன செய்வார்கள் என்று நம்பி உட்கார்ந்துவிடாதே.

எழுதியதை ஜூலை 10-க்குள் இங்கே போடு, பேர், நம்பர் எல்லாம் மறைத்துவிட்டு. பார்த்துத் தருகிறேன்.

தொண்டி_லாத்தா
25 ஜூன் 2025

அந்தப் பரமக்குடிக்காரருக்கு அரைக் கிலோ தொதல் அல்வா கொண்டுபோங்கள். சீட்டுக்கு அடியில் படுத்துத் தேடியிருக்கிறார்.

கீழக்கரையான்
26 ஜூன் 2025

ஒரு கிலோ கேட்டுவிட்டார் லாத்தா.