மறு: செல் இம்பேலன்ஸ் – ‘சமநிலையின்மை’ சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம்.

பேட்டரி அடுக்கில் ஒரு கலம் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் நிற்பதை ஆங்கிலத்தில் ‘செல் இம்பேலன்ஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘சமநிலையின்மை’ என்றே நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று பேச்சு முடியப்போகிறது போலிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சொல்லில் எனக்கு இரண்டு குறை. ஒன்று சின்னது: வேதியியல் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. மின்கலத்துக்குள் நடப்பதும் வேதியியல்தான். வேதிச் சமநிலையும் கலச் சமநிலையும் ஒரே பத்தியில் வந்தால் படிப்பவர் திணறுவார். இரண்டாவது பெரியது. ‘காய்ச்சல்’ போல அது வெறும் அறிகுறியின் பெயர். என்ன நோய் என்று சொல்லாது. அதை நம்பி நான் மூன்று வாரம் வீணாக்கினேன்.

நானே கோத்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அடுக்கு அது. 280 ஆம்பியர்-மணிக் கலங்கள் 16, தொடரில். 50 ஆம்பியரில் ஏற்றும்போது ஒன்பதாவது கலம் மட்டும் 3.65 வோல்ட்டைத் தொட்டுவிடும், பிஎம்எஸ் (கலங்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகை) உடனே துண்டித்துவிடும். மற்ற பதினைந்தும் 3.43-இல் நிற்கும். ‘இம்பேலன்ஸ், பேலன்சர் பார்த்துக்கொள்ளும்’ என்று, கலங்களைச் சமன்செய்யும் சுற்றை நம்பி விட்டுவிட்டேன். அது பார்த்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் தற்செயலாக, ஏற்றியை நிறுத்திய கையோடு, கலங்களின் வோல்ட்டைக் காட்டும் திரையைப் பார்த்தேன். ஒன்பதாவது கலம் சில நொடிகளில் மற்றவற்றோடு வந்து சேர்ந்துகொண்டது. சரி, சுமையைக் கொடுத்துப் பார்ப்போம் என்று கொடுத்தால், இப்போது அதுதான் எல்லாவற்றிலும் தாழ்வு! ஏற்றும்போது உயரம், இறக்கும்போது தாழ்வு, மின்னோட்டம் நின்றால் ஒன்றுமில்லை. கலத்தின் மேல் தப்பே இல்லை. கலங்களை இணைக்கும் உலோகப் பட்டை (பஸ்பார்) உட்கார்ந்த இடத்தில் அலுமினிய முனையின் மேல் ஆக்சைடு படிந்திருந்தது, நட்டும் தளர்ந்திருந்தது. வித்தியாசம் ஏறத்தாழ 0.2 வோல்ட்; அதை 50 ஆம்பியரால் வகுத்தால் 4 மில்லிஓம் மின்தடை. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் அந்த ஒரு மூட்டில் 10 வாட் சூடாகிக்கொண்டிருந்தது. தேய்த்துத் துடைத்து முறுக்கியதும் வித்தியாசம் 15 மில்லிவோல்ட்டுக்கு வந்துவிட்டது. இதற்கு எந்தப் பேலன்சர் என்ன செய்யும்?

அதனால் ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்ற கணக்கையே விடுவோம் என்கிறேன். உள்ளே மூன்று சங்கதி இருக்கிறது, மூன்றுக்கும் தனிப் பெயர் வைப்போம்.

மேலே சொன்னது இணைப்புப் பிசகு. மின்னோட்டம் ஓடும்போது மட்டும் தெரியும்.

அடுத்தது, கொள்ளளவு ஒன்றாக இருந்தும் ஒரு கலம் மற்றவற்றைவிடக் கூடுதலாக நிரம்பியிருப்பது. கோக்கும்போதே ஏற்றம் வேறுபட்டிருக்கலாம், தானாகக் கசியும் வேகமும் கலத்துக்குக் கலம் கொஞ்சம் மாறும். இது ஏறும்போது முதலில் உச்சிக்குப் போகும், இறங்கும்போது கடைசியாக அடிக்கு வரும். இதை முந்துகலம் என்போம். பின்தங்குவது பிந்துகலம்.

மூன்றாவது, கொள்ளளவே குறைந்த கலம். முதலில் நிரம்புவதும் அதுதான், முதலில் வறள்வதும் அதுதான். குறைகலம் என்றால் போதும். குறைகுடம் கூத்தாடும் என்பார்களே, அந்த ஆட்டமேதான்: திரையில் உச்சியிலும் அடியிலும் துள்ளுவது அதுவாகத்தான் இருக்கும். நிரவினால் அதன் கொள்ளளவு வளராது. மாற்றலாம், அல்லது அடுக்கின் கொள்ளளவே அவ்வளவுதான் என்று ஒத்துக்கொள்ளலாம்.

‘நிரவினால்’ என்று என்னை அறியாமலே எழுதிவிட்டேன், பாருங்கள். பேலன்சிங்குக்கு நான் கேட்கும் சொல்லும் அதுதான்: நிரவல். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடுவதை நிரவுதல் என்றுதான் சொல்கிறோம். நாளிதழ்களில் ‘ஆசிரியர் பணி நிரவல்’ என்று வருவதும் இதே பொருளில்தான். கர்நாடக சங்கீதத்திலும் ‘நிரவல்’ உண்டு; சங்கீதக்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நம்புகிறேன். ‘சமன்படுத்தல்’ தப்பில்லை, ஆனால் அதிலிருந்து கிளைச்சொற்கள் எடுப்பது பாடு. நிரவலில் சுலபமாக வருகின்றன. கலங்களை எல்லாம் பக்க இணைப்பில் (பேரலல்) போட்டு 3.65 வோல்ட் வரை நிரப்பி ஒன்றாக்குவது உச்சி நிரவல். மிகுதியை மின்தடையில் சூடாக்கிக் கழிப்பது வடிப்பு நிரவல். நிறைந்ததிலிருந்து குறைந்ததற்கு மாற்றுவது பகிர்வு நிரவல்.

இந்தப் பிரிவு வெறும் சொல்லாசைக்காக அல்ல. மலிவான பிஎம்எஸ் பலகைகள் செய்வது பெரும்பாலும் வடிப்பு நிரவல்தான், அதுவும் 100 மில்லிஆம்பியர் அளவில். 280-இல் 5 விழுக்காடு முந்திய கலம் என்றால் 14 ஆம்பியர்-மணி, அதை வடிக்க 140 மணி நேரம். வடிப்பதும் கலம் 3.4 வோல்ட்டைத் தாண்டி நிற்கும் சிறு பொழுதில் மட்டும். நாளுக்கு அரை மணி கிடைத்தால் 280 நாள்! கழற்றி ஒருமுறை உச்சி நிரவல் செய்துவிடுவது மேல்.

முன்பு ஒருவர் ‘மின்னழுத்த வேறுபாடு’ போதுமே என்றிருந்தார். வேண்டாம். இந்த வகைக் கலத்தின் மின்னழுத்தம் நடுப்பகுதியில் சமவெளி மாதிரி: 3.2, 3.3-ஐச் சுற்றியே கிடக்கும். அந்த இடத்தில் 30 விழுக்காடு முந்திய கலமும் சில பத்து மில்லிவோல்ட் வேறுபாட்டோடு சாதுவாக நிற்கும். உச்சிக்கோ அடிக்கோ வந்தால்தான் குட்டு வெளிப்படும். ‘ஏற்றத்தாழ்வு’ எனக்குப் பிடித்த சொல், மின்னேற்றத்தோடு ஒட்டியும் வருகிறது. ஆனால் தலைப்பில் போட்டால் சாதி பற்றிய கட்டுரை என்று நினைத்துத் திறப்பார்கள். மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் இருந்தே ஆகவேண்டும் என்றால் ‘கல ஏறுமாறு’ என்று வைக்கலாம். கொஞ்சம் பேச்சுவாடை அடிக்கிறது, எனக்கு அது குறையாகப் படவில்லை.

மிச்சம் ஒன்று இருக்கிறது. மிக உயர்ந்த கலத்துக்கும் மிகத் தாழ்ந்த கலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரையில் ‘டெல்டா’ என்று காட்டுகிறார்களே, அதற்கு ‘இடைவெளி’ என்று எழுதிப் பார்த்தேன், கலங்களுக்கு நடுவே காற்றுக்கு விடும் இடம் போல ஒலிக்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.