திண்ணையை இடித்து ஷட்டர் போட யாரைக் கேட்க வேண்டும்?

பவளக்காரத் தெரு:
நேற்று இங்கே ஒருவர் எழுதியது: "சென்னை ஜார்ஜ் டவுனில் கடை முகப்பை மாற்ற எந்தக் குழுவிடமும் போக வேண்டாம். திண்ணை எல்லாமே மாநகராட்சி இடத்தை வளைத்துக் கட்டியதுதான்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் தாத்தா உட்கார்ந்து கணக்கெழுதிய திண்ணை அது. 1911இல் ஜார்ஜ் மன்னர் பெயரை வைத்ததற்கு முன்பே, கருப்பர் நகரம் என்ற காலத்திலேயே இருந்த தெரு. வளைத்துப் போட்டோம் என்று சொல்ல நீர் யார்?

கோடவுன் தெரு துணிக்கடை:
நான்தான் எழுதினேன். ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன். திண்ணை ரோட்டில் இருக்கிறது. ஆட்டோவும் மீன்பாடி வண்டியும் முட்டிக்கொள்ளும் தெருவில் மூன்றடி திண்ணை எதற்கு? கண்ணாடிக் கதவு போட்டால்தான் சரக்கு வாங்கும் வியாபாரி உள்ளே வருகிறான்.

மண்ணடி மேஸ்திரி:
இடம் யாருடையது என்பது அப்புறம். இது சுண்ணாம்புக் காரைச் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிப் போட்ட தளம். தேக்கு உத்திரத்தின் பாரம் முழுக்கச் சுவரில்தான் இறங்குகிறது. கடை வாசலை அகலமாக்க முன்சுவரை வெட்டினால் மாடியில் விரிசல் விடும். மேலே சிமென்ட் பூசி ஏசிபி என்கிற அலுமினியப் பூச்சு ஷீட் அடித்தால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே உதிரும். திண்ணை உயரமாக இருப்பதால்தான் மழைத் தண்ணீர் நடையில் ஏறாமல் இருக்கிறது.

கோடவுன் தெரு துணிக்கடை:
அண்ணே, சுவர் கதை வேண்டாம். திண்ணை ரோட்டிலா, வீட்டிலா? அதைச் சொல்லுங்கள்.

பவளக்காரத் தெரு:
வீட்டில்! என் பத்திரத்தில் "திண்ணை உள்பட" என்று எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தால் காட்டுகிறேன். மவுண்ட் ரோடு பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்க ஆரம்பித்தபோதும் "எங்கள் கட்டடம், எங்கள் இஷ்டம்" என்றுதான் சொன்னார்கள். 2010இல் உயர்நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றது. பாரம்பரியக் கட்டடத்தில் கை வைப்பதற்கு முன் சிஎம்டிஏ என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு பார்க்க வேண்டும். 2012இல் பாரம்பரிய ஆணையச் சட்டமே வந்துவிட்டது. இதெல்லாம் உமக்குத் தெரியுமா?

கோடவுன் தெரு துணிக்கடை:
அது 1897இல் கட்டிய மாளிகை. என் கடையோ உமது திண்ணையோ எந்தப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாததற்குக் குழு எதற்கு?

தம்பு செட்டி:
முதலில் முகப்பு என்றால் போர்டா, சுவரா, திண்ணையா? யாராவது தெளிவாகச் சொல்லிவிட்டுச் சண்டை போடுங்கள்.

பவளக்காரத் தெரு:
பட்டியலில் இல்லை என்பதற்காக இடித்துக்கொண்டே போனால் பட்டியலில் சேர்க்க என்ன மிஞ்சும்? ஒரு வீடு தனியாக அழகில்லை சார். வரிசையாகத் திண்ணை, வரிசையாக மரத்தூண், அப்போதுதான் அது தெரு. நடுவில் ஒருத்தர் நீலக் கண்ணாடி ஒட்டினால் போச்சு. திண்ணை பத்திரத்தில் இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், பத்திரத்தில் இருக்கிறது.

ராயபுரம் பையன்:
போர்டைப் பற்றி யாருமே பேசவில்லையே? தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று, மற்ற மொழி இரண்டு என்று விதி இருக்கிறது. தங்கசாலைத் தெருவில் எத்தனை கடை அதை மதிக்கிறது? பாரம்பரியம் அங்கிருந்துதானே தொடங்க வேண்டும்?

கோடவுன் தெரு துணிக்கடை:
வந்துட்டாரு. ராயபுரம் ஸ்டேஷன்தான் இந்தியாவிலேயே முதல் ஸ்டேஷன் என்று போன மாதம் அடம்பிடித்த தம்பிதானே நீ?

ராயபுரம் பையன்:
இன்னும் நிற்கிறவற்றில் பழையது என்றேன். 1856. பம்பாயில் 1853லேயே ரயில் ஓடியது எனக்கும் தெரியும். நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதாதீர்கள்.

கோடவுன் தெரு துணிக்கடை:
அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை.

மண்ணடி மேஸ்திரி:
சுவரைப் பற்றி நான் சொன்னதற்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. நாளைக்கு மாடி இறங்கினால் என்னைத்தான் கூப்பிடுவீர்கள்.

பவளக்காரத் தெரு:
மேஸ்திரி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அது இரண்டாவது விஷயம். என் குடும்பத்தைப் பார்த்து ரோட்டை வளைத்தவர்கள் என்று சொன்னாரே, அதற்குப் பதில் வேண்டும். இந்த மனிதர் அண்ணா நகரில் குடியிருக்கிறார். காலையில் வந்து ஷட்டரைத் தூக்குகிறார், ராத்திரி இறக்கிவிட்டுப் போகிறார். காளிகாம்பாள் கோயில் தேர் எந்தத் தெருவில் திரும்பும் என்று கேளுங்கள், தெரியாது.

கோடவுன் தெரு துணிக்கடை:
நாற்பது வருஷமாக இங்கே வரி கட்டுகிறேன். நான் எங்கே தூங்குகிறேன் என்பது உமக்கு எதற்கு? திண்ணை ரோட்டில்தான் இருக்கிறது.

பவளக்காரத் தெரு:
ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்துக்கொண்டு வாரும். சர்வேயரையும் கூட்டி வாரும். படியிலிருந்து அளப்போம்.

கோடவுன் தெரு துணிக்கடை:
படியிலிருந்து ஏன் அளக்க வேண்டும்? படியே ரோட்டில்தானே இருக்கிறது.