படுக்கையில் இருக்கும் விசுவாசிகளைச் சந்தித்தபோது: உங்களை இன்னும் உறுத்தும் ஒரு சந்திப்பை எழுதுங்கள்

கட்டபெட்டுக்காரன்:
கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீடு. சில்வர் ஓக் கிளை கழிக்க ஏறி விழுந்த தம்பி. கழுத்தெலும்பில் அடி, தோளுக்குக் கீழே அசைவு இல்லை, பதினோரு வருஷம். சபையிலிருந்து ஏழு பேர் போயிருந்தோம். பாட்டு, வசனம், எண்ணெய் பூசி ஜெபம். முடிகிற நேரத்தில் ஒரு பெரியவர், "அறிக்கை பண்ணாத பாவம் ஏதும் மனசுல இருக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டார். தம்பி கோபப்படவில்லை. "ஐயா, முதல்ல என்னை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. நேரம் தாண்டிப் போச்சு" என்றார். திருப்பிவிட வேண்டிய அவர் மனைவி, இத்தனை பேரைத் தாண்டி எப்படி வருவது என்று அடுப்படி வாசலிலேயே நின்றிருந்தார்.

குன்னூர் சிஸ்டர்:
போகிறவர்கள் வாசலிலேயே கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அடுத்து எத்தனை மணிக்குத் திருப்பணும்?" படுக்கைப் புண் வராமலிருக்கப் பொதுக் கணக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. திருப்பும்போது இழுக்கக் கூடாது, இழுத்தால் தோல் உரியும். இரண்டு பேர் விரிப்போடு சேர்த்துத் தூக்க வேண்டும். முழுக்கப் பக்கவாட்டில் சாய்த்தால் இடுப்பெலும்பு முட்டில் பாரம் இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை, குதிகால் மெத்தையில் படவே கூடாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் பயமில்லை. வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது, புறங்கை வைத்துப் பார்த்தால் சூடும் தடிப்பும் தெரியும். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்.

ஜனவரி உறைபனியில் "கால் ஐஸாட்டம் இருக்கே" என்று சுடுதண்ணிப் பையை வைத்துவிட்டு வருகிறார்கள். உணர்வில்லாத காலில் அது கொப்பளமாகி மாதக்கணக்கில் ஆறாது. சாக்ஸும் கம்பளியும் போதும். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்கவே வேண்டாம், அந்தப் புகை உயிரையே எடுக்கும்.

பெருமாள்மலை:
கொடைக்கானல் பக்கம் ஒரு அக்கா, அவருக்கும் கழுத்தடிதான். வீட்டு ஜெபத்தின் நடுவே திடீரென்று தலை வெடிக்கிற வலி, முகமெல்லாம் வியர்வை. பிசாசின் போராட்டம் என்று நினைத்து எல்லாரும் சத்தத்தைக் கூட்டினார்கள். ஜெபிக்க வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்த ஒருவரின் தொடைக்கடியில் யூரின் டியூப் மடங்கிக் கிடந்தது! அவர் எழுந்ததும் டியூபின் மறுமுனையில் இருந்த யூரின் பை நிறைந்தது, பத்து நிமிஷத்தில் வலி இறங்கியது.

நடுமார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மூத்திரப்பை நிறைந்தாலோ மலம் இறுகினாலோ ரத்த அழுத்தம் இப்படி ஏறும். முதலில் நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கப் போடுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், டியூபை நுனியிலிருந்து பை வரை தடவிப் பாருங்கள். இவர்களுக்கு வழக்கமான அழுத்தமே குறைவு என்பதால் 140 என்றாலும் அபாயம்தான். குறையவில்லையென்றால் உடனே ஆஸ்பத்திரி.

அந்த அக்காவுக்கு ஒரு ஊழியம் உண்டு. காலை ஐந்தரைக்கு மகள் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைப்பாள். தினம் ஐந்து வீட்டோடு பேசி ஜெபிப்பார். திங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள், செவ்வாய் பரீட்சைப் பிள்ளைகள் என்று கணக்கு. பேர் விட்டுப்போனால் வருத்தப்படுவார்.

உதகை சபையார்:
கட்டபெட்டு அண்ணன் எழுதியதைப் பார்த்தால் எண்ணெய் பூசி ஜெபிப்பதே தப்பு என்பதுபோல் இருக்கிறது. யாக்கோபு 5ஆம் அதிகாரம் அதைத்தானே சொல்கிறது? கேட்ட கேள்விதான் தப்பு. பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் யார் செய்த பாவம் என்று கேட்டபோது, இவனுமல்ல, பெற்றோருமல்ல என்றார் இயேசு. பவுல் தன் உடம்பில் முள்ளாகக் குத்திய வேதனை நீங்கும்படி மூன்று தரம் கேட்டார், முள் நீங்கவில்லை, கிருபை கிடைத்தது. வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் 1954 விபத்தில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் வந்தது அவர் உழைப்பால்.

கேத்தி தச்சர்:
சபையார் சொல்வது சரி. ஆனால் மேரி வர்கீஸ் அம்மாவுக்கு அறுவை அறை வரைக்கும் வழி இருந்தது. லைன் வீட்டுத் தம்பிக்குக் கோயில் வாசலில் பதினான்கு படி. சாய்தளம் 1க்கு 12: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். இடமில்லை என்று செங்குத்தாகப் போட்டால் யாரும் தள்ள முடியாது. நம் மழைக்குப் பாசி பிடிக்கும், சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கீறிவிடுங்கள். உள்ளே ஒரு பெஞ்சைப் பாதியாக அறுத்து, நாற்காலிக்கு நடுவில் இடம் விடுங்கள், குடும்பத்தோடு உட்காரட்டும்.

அதுவரை தூக்கத்தான் வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் முதுகு மேட்டுப் பக்கம், முகம் பள்ளத்துப் பக்கம். கைப்பிடியும் கால்மிதியும் கழன்று வரும், கம்பிச் சட்டத்தைப் பிடியுங்கள். நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட். யூரின் பையைக் காலி செய்து காலோடு கட்டிவிடுங்கள். வேதபாகம் வாசிக்கச் சொன்னால் கைமைக் ஆகாது, உட்கார்ந்த வாய் உயரத்துக்கு ஸ்டாண்டும், பக்கம் திருப்ப ஒரு ஆளும் வேண்டும்.

கட்டபெட்டுக்காரன்:
சபையார் அண்ணன் சொன்னது சரிதான், கேள்விதான் தப்பு. பெரியவர் போன வாரம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, திருப்பும் நேரத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார். வருகிற ஞாயிறு தம்பி வாசிக்கிறார், பாகம் அவரே கேட்டது: மாற்கு 2, நாலு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்த இடம். தூக்க மூன்று பேர் தயார். பெரியவருக்கு முட்டி வலி. கோத்தகிரியில் யாராவது இருந்தால் எட்டரைக்கு லைன் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.