பள்ளிக்கூடச் செய்தி 2025, கூடவே ஒரு வேண்டுகோள்

ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

அதிபரோடையும் இரண்டு ஆசிரியர்களோடையும் கதைச்சு எடுத்த விபரங்களைக் கீழே தாறன்.

2025 கல்வியாண்டு தை மாதக் கடைசியில்தான் தொடங்கினது. கொரோனாக் காலத்தில் குழம்பின நாட்காட்டி இன்னும் முழுசா நேராகேல்லை. அதாலை இல்ல விளையாட்டுப் போட்டியை அவசரமாத்தான் வைச்சவை. ஆனாலும் இல்லச் சோடனையில் பிள்ளையள் ஒரு குறையும் வைக்கேல்லை. ஒரு இல்லம் முழுக்கத் தென்னோலையால் தேர் கட்டி, சில்லுக்குப் பழைய சைக்கிள் றிம் பூட்டியிருந்தது. பழைய மாணவர் ஓட்டத்தில் ஓடினவை பாதி வழியிலையே நின்று சுகம் விசாரிக்கத் தொடங்கிவிட்டினமாம். வீடியோவும் பார்த்தனான், உண்மைதான்.

தமிழ்மொழித் தினப் போட்டியில் எங்கட வில்லுப்பாட்டுக் குழு கோட்ட மட்டத்தில் வென்று வலயம் வரைக்கும் போனது. வாணி விழா, ஆசிரியர் தினம் எல்லாம் வழமைபோல. நத்தாரை ஒட்டி வைக்கிற ஒளி விழா மட்டும் நடக்கேல்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். கார்த்திகைக் கடைசியில் டிட்வா புயல் வந்து இலங்கை முழுக்கப் பள்ளிக்கூடங்களைப் பூட்டவேண்டி வந்தது. எங்கட மண்டபமும் சில நாள் இடைத்தங்கல் முகாமாக இருந்தது. நூலகத்தின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் நனைஞ்சு போச்சுது. வெயில் எறிச்ச பிறகு முற்றத்தில் பாய் விரிச்சு, பிள்ளையள் ஒவ்வொரு தாளாப் பிரிச்சுக் காய வைச்சவை. அகராதிகள் தப்பிவிட்டுது, நிலப்பட நூல்கள் தப்பேல்லை. உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளையளின் பாடுதான் பெரிய பாடு. பாதியில் நின்ற பரீட்சையின் மிச்சப் பாடங்களை 2026 தையில் எழுதவேண்டி வந்தது. படிச்சதை அவ்வளவு நாள் மனதில் தாங்கிக்கொண்டு இருக்கிறதெண்டால் சும்மாவா?

தரம் 6க்கு வர இருந்த புதிய பாடத்திட்டம் 2027க்குத் தள்ளிப்போனதையும் சொல்லவேணும். கருத்தரங்குக்குப் போய்வந்த ஆசிரியர்கள் இப்ப பழைய புத்தகத்தோடையே படிப்பிக்கினம்.

இனி வேண்டுகோள். ஓகஸ்ட் 10ஆம் திகதி நடந்த தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளையளின் படத்தைப் பதாகையாக அடிச்சு வாசலில் கட்டியிருக்கினம். அதை நாங்களும் குழுவில் மாறி மாறிப் பகிர்ந்தோம். அந்தப் பிள்ளையளுக்கு என்ரை வாழ்த்து எப்பவும் உண்டு. ஆனால் அதே வகுப்பில் இருந்த மற்றப் பத்து வயதுப் பிள்ளையள் ஒவ்வொரு நாளும் அந்தப் படத்துக்குக் கீழாலைதான் உள்ளுக்குப் போகுதுகள். பதாகைக்குக் காசு குடுத்தது எங்கட சங்கம். இனிமேல் குடுக்கவேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

அதிபர் கேட்கிறது வேறை. உயர்தரம் படிக்கிறதெண்டால், தரம் 11 முடிய எழுதுற சாதாரண தரப் பரீட்சையில் ஆறு பாடம் சித்தி வேணும், அதில் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம், மூன்றில் சி (திறமைச் சித்தி) எடுக்கவேணும். எங்கட பிள்ளையள் விழுகிறது கணிதத்தில். மற்ற எல்லாம் எடுத்தும் கணிதம் இல்லாமல் வீட்டில் நிற்கிற பிள்ளையளை எங்கட ஒழுங்கையிலையே காட்டலாம். தரம் 10, 11க்குப் பின்னேர வகுப்பு வைக்க ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் சம்மதிச்சிருக்கிறார். அவருக்கு ஒரு வேதனம், தூரத்திலையிருந்து வாற பிள்ளையளுக்கு பஸ் காசு, இருட்ட முதல் குடிக்க ஒரு தேத்தண்ணி, இவ்வளவுதான் செலவு. நுழைவாயில் வளைவுக்கெண்டு சேர்த்த காசில் ஒரு பகுதி போதும். வளைவு ஒரு வருசம் பிந்தினால் பள்ளிக்கூடம் இடிஞ்சு விழாது.

வளைவுக்கெண்டே காசு தந்த அண்ணாமார் அக்காமார் இதுக்குச் சம்மதமோ, இல்லையோ எண்டு இந்த மடலுக்குப் பதிலாக எழுதுங்கோ. சம்மதம் இல்லாத ஆக்களின் பங்கு வளைவுக்கெண்டே தனியாக இருக்கும். லண்டன், ரொறன்ரோ கிளைப் பொருளாளர்கள் கணக்கை அடுத்த கூட்டத்துக்கு முதல் அனுப்பினால், இரண்டாம் தவணையோடை வகுப்பைத் தொடங்கலாம்.

அன்புடன்,
செயலாளர்